சூப்பர்ஹீரோ கதை விளையாட்டில் கோணல் புத்திக்காரனாக ஆடுவது பற்றி

பீலிக்கான்_காற்று, ரங்கூன்

எனக்கு ஒரு குறை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் வருவதும் போவதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதனால் படம் காட்டும் பெரிய கேம்களை எல்லாம் விட்டுவிட்டு ஃபோனில் எழுத்துக் கதை விளையாட்டுகளில்தான் கிடக்கிறேன். ஒரு தடவை இறக்கிவைத்துக்கொண்டால் பல கதைகளுக்கு நெட் வேண்டாம், சார்ஜும் அதிகம் தின்னாது, இருட்டில் படுத்துக்கொண்டே ஒரு பக்கம் படித்துவிட்டு கீழே இருக்கிற ஆப்ஷனில் ஒன்றைத் தொட்டால் அடுத்த பக்கம். அதிலும் சூப்பர்ஹீரோ கதை என்றால் விடமாட்டேன்.

குறை இதுதான். நான் ஆட நினைக்கிற ஹீரோ பொறாமைக்காரன். ஊரைக் காப்பாற்றுவான், ஆனால் கைதட்டலுக்காகக் காப்பாற்றுவான். கூட்டாளிக்குத் தன்னைவிட நல்ல பேர் கிடைத்துவிட்டால் இரவெல்லாம் புரளுவான். இப்படி ஒருத்தனை ஆடலாம் என்று உட்கார்ந்தால் கதை எனக்கு நீட்டுவது என்ன? எரிகிற கட்டிடத்தில் குழந்தை இருக்கிறது: காப்பாற்று, காப்பாற்றிவிட்டு நக்கலாக ஒரு வசனம் பேசு, குழந்தையை விட்டுவிட்டு நகைக்கடைக்குள் புகுந்துவிடு. முதல் இரண்டும் ஒரே ஆள். மூன்றாவது ஆள் மனுஷனே கிடையாது.

2009இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த இன்ஃபேமஸ் ஞாபகம் இருக்கிறதா? அது எழுத்து விளையாட்டு கிடையாது, ஆனால் நோய் அதே நோய்தான். மின்சார சக்தி கிடைத்த ஒருத்தன், வெளியே போக முடியாமல் அடைபட்ட ஊர், பசியில் ஜனங்கள். ஆரம்பத்திலேயே மேலேயிருந்து சாப்பாட்டு மூட்டைகள் விழும். ஜனங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், இல்லாவிட்டால் எல்லாரையும் ஷாக் அடித்து விரட்டிவிட்டு நாமே வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பாதியை ஒளித்துவைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டு, இருந்ததெல்லாம் இதுதான் என்று கையை விரிக்கிற வழி அதில் கிடையாது. நாம் பார்த்த மனுஷர்கள் செய்வது அதைத்தானே? அதைவிட எரிச்சல், நல்ல பக்கம் முழுசாகப் போனவனுக்கு ஒரு வகை சக்தி, கெட்ட பக்கம் முழுசாகப் போனவனுக்கு வேறு வகை, நடுவில் நின்றவனுக்கு மேல்படி சக்திகள் பல திறக்காது. முழு யோக்கியன், முழு அயோக்கியன் தவிர மற்றவன் எல்லாம் நஷ்டப்பட வேண்டியதுதான்.

யாருக்காவது இது சரியாக அமைந்த கதை தெரிந்தால் சொல்லுங்கள். அமையாது என்று நினைத்தால் ஏன் என்றும் சொல்லுங்கள்.


மோல்மேன்_மல்லி

தம்பி, எனக்கு அப்படி ஆடவே பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் வருகிற முன்பின் தெரியாத காவல்காரரிடம்கூட வெடுக்கென்று பேசுகிற ஆப்ஷனைத் தொடமாட்டேன், கை போகாது.

நான் மட்டும் இப்படி இல்லை. மாஸ் எஃபெக்ட் விளையாட்டில் பாரகன், ரெனிகேட் என்று இரண்டு வழி வைத்தார்கள், பெருந்தன்மை ஒன்று, முரட்டுத்தனம் ஒன்று. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 2020இல் சொன்ன கணக்குப்படி ஆடினவர்களில் ஏறத்தாழ 92 சதவீதம் பேர் பெருந்தன்மை வழியில்தான் போயிருக்கிறார்கள். முரட்டு வழிக்கென்று எழுதின வசனம், எடுத்த காட்சி எல்லாம் மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்சம் பேருக்கு. எழுதுகிறவர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார். எழுத்து விளையாட்டில் ஒவ்வொரு கிளையையும் யாராவது ஒருத்தர் வரிவரியாக எழுதியாக வேண்டும். உன் பொறாமைக்காரனுக்கென்று தனியாக ஒரு நாவல் அளவு எழுதினால் அதை எத்தனை பேர் படிப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. பிளேஸ்டேஷன் விளையாட்டில் பொம்மை ஓடுகிறது, நான் பட்டனைத்தான் அழுத்துகிறேன். இந்தக் கதைகளில் 'நீ அவளைத் தள்ளிவிட்டாய்' என்று எழுதியிருக்கும். நீ என்றால் நான்தான். படிக்கும்போதே கூசுகிறது.


டீக்கடை_மூலை, ரங்கூன்

மல்லிக்குக் கூசுவது நியாயம்தான். ஆனால் கெட்டவனைக் கதாநாயகனாக வைத்துக் கொண்டாடுவது நம்மவர்களுக்குப் புதுசு இல்லையே. என் மாமா மெட்ராஸ் போய்வரும்போதெல்லாம் பெட்டிக்கு அடியில் காமிக்ஸ் கட்டு ஒன்று வரும். அதில் எங்கள் தெருப் பையன்கள் அடித்துக்கொள்வது ஸ்பைடருக்குத்தான். அமெரிக்காவின் சிலந்திப் பையன் இல்லை, நம் கூர்மண்டையர், குற்றச் சக்கரவர்த்தி! 1965இல் இங்கிலாந்தில் லயன் என்ற வாரப் பத்திரிகையில் முளைத்தவர், 1984இல் தமிழில் தொடங்கின லயன் காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்தார். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்.

அவர் கதை எப்படி ஆரம்பிக்கிறது? குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகவேண்டும் என்பதுதான் அவர் லட்சியம். பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கொள்ளையடிக்கிறார். அப்புறம்தான் மெதுவாக எதிர்ப்பக்கம் தாவுகிறார். தாவின பிறகும் திமிர் துளிகூடக் குறையவில்லை. மனசு இளகியா மாறினார்? எனக்குப் பட்டது என்னவோ, ஊரில் தன்னைவிடப் பெரிய திருடன் ஒருத்தன் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பீலிக்கான் தம்பி கேட்கிற பொறாமைக்காரன் இவரேதான். இதில் வேடிக்கை, சூப்பர்மேனை உருவாக்கின இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பின்னால் இந்த ஸ்பைடர் கதைகளில் நிறைய எழுதினார். யோக்கிய சிகாமணியைப் பெற்றவருக்கே போரடித்திருக்கும் போல.

இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். ஷாக் அடித்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற அந்த மனுஷன் முதல் கதையில் நல்ல வழியிலா போனார்? உளவாளியானது எல்லாம் பிறகுதான்.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இப்படி எழுத முடியாததற்குக் காரணம் உண்டு. 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்களே சேர்ந்து ஒரு விதிமுறை போட்டுக்கொண்டார்கள். குற்றவாளி மேல் இரக்கம் வருகிற மாதிரி குற்றத்தைக் காட்டக் கூடாது, கடைசியில் நன்மைதான் ஜெயிக்க வேண்டும். 1971இல்தான் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். சூப்பர்ஹீரோ என்றால் யோக்கியன் என்று நாம் நினைப்பதில் பாதி அந்த விதிமுறையின் மிச்சம்.


கிளைக்கதை, ரங்கூன்

நான் இந்த மாதிரிக் கதைகளை எழுதிப் பார்க்கிறவன், அதனால் உள்ளே இருக்கிற கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏன் எல்லாரும் யோக்கியன் அயோக்கியன் என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள் என்று புரியும்.

சாய்ஸ்கிரிப்ட் என்று இந்தக் கதைகளை எழுதுவதற்கான ஒரு எளிய நிரல்மொழி இருக்கிறது, இந்த வகைக் கதைகள் பல அதில்தான் எழுதப்படுகின்றன. தமிழில் எழுதினாலும் ஓடும், மாறிகளின், அதாவது கதை நினைவில் வைத்துக்கொள்கிற எண்களின், பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்கிறேன். நல்ல குணம் என்று ஒரு மாறி, ஆரம்பத்தில் 50. அதில் புள்ளி கூட்டுவதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. 20 சதவீதம் கூட்டு என்றால் நூறைத் தொட மிச்சம் இருக்கிற தூரத்தில் 20 சதவீதத்தைக் கூட்டும். 50 இருந்தால் 60 ஆகும், 80 இருந்தால் 84தான் ஆகும். குறைப்பதற்கு இருப்பதில் 20 சதவீதம் போகும், 80 இருந்தால் 64க்கு விழும். இப்படி வைத்தால் எண் நூறைத் தாண்டாது, பூஜ்யத்துக்குக் கீழே போகாது, எழுதுகிறவனுக்குத் தலைவலி இல்லை.

ஆனால் குணத்துக்கு இதைப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். நல்ல குணம் 80 வைத்திருக்கிறவன் ஒரு பொய் சொன்னால் 16 புள்ளி போச்சு, ஒரு நல்ல காரியம் செய்தால் 4தான் ஏறும். 20 வைத்திருக்கிற போக்கிரி ஒருநாள் அன்னதானம் போட்டால் 16 ஏறி 36 ஆகிவிடும். இது மனசின் கணக்கா? ஊர் வாயின் கணக்கு! சாமியார் டீக்கடையில் சிகரெட் பிடித்தால் ஊரே பேசும், ரவுடி கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தால் ஆஹா என்பார்கள். அதனால் இந்தக் கணக்கை 'ஊரில் பேர்' என்கிற மாறிக்கு வைத்துக்கொண்டால் பிரமாதமாக வேலை செய்யும். அதையே 'நல்லவன்' என்று பேர் மாற்றி வைத்துவிடுவதால்தான் வம்பு. கதை உன் மனசுக்கு மார்க் போடுகிறது என்று தெரிந்தவுடனே ஆடுகிறவன் மார்க்குக்காக ஆட ஆரம்பித்துவிடுகிறான். நல்லவனும் மார்க்குக்காக, கெட்டவனும் மார்க்குக்காக.


பெகு_பாண்டி

எல்லாரும் 'எப்படி' என்று பேசுகிறீர்கள், நான் 'எதற்கு' என்று கேட்கிறேன். அதிகாரம் கையில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை, செய்ததற்கெல்லாம் ஒரு சாக்கு சொல்வான். இந்த மாதிரி ஆட்களைப் பார்க்க நாம் கதைக்குள் போக வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். பகல் முழுக்க அவர்களுக்கு வழிவிட்டு நடந்துவிட்டு ராத்திரி படுத்துக்கொண்டு நானே அவனாக இருந்து பார்க்க வேண்டுமா? பறக்கத் தெரிந்த ஒருத்தன் நேர்மையாக இருப்பான் என்று ஒரு அரை மணி நேரம் நம்பிப் படுக்கத்தான் எனக்கு இந்தக் கதையெல்லாம். அந்த ஆளுக்கும் கோணல் புத்தி வைத்துவிட்டால் அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

கூர்மண்டையரை ரசித்தோம் என்றால் நாம் வெளியே நின்று பார்த்தோம். அவராக இருந்து முடிவெடுக்கவில்லை.


பீலிக்கான்_காற்று

பாண்டி அண்ணே, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த ஆட்களைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. கண்ணாடியில் பார்க்கும்போது அவன் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்கிறான்? அயோக்கியன் என்று நிச்சயம் நினைக்கமாட்டான். உள்ளே அந்தப் பேச்சு எப்படி ஓடும் என்று கேட்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால் அது கேட்காது. சினிமாவிலும் கேட்காது, எழுத்தில்தான் கேட்கும்.


மோல்மேன்_மல்லி

பிடிக்காது பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே ஒன்றை விடாமல் ஆடி முடித்தேன், அதைச் சொல்கிறேன். ஃபாலன் ஹீரோ: ரீபர்த் என்று ஒரு எழுத்துக் கதை. முன்னாள் ஹீரோ நீ. மற்றவர்கள் மனசுக்குள் புகுந்து படிக்கிற சக்தி. எல்லாரும் நீ செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, நீ வில்லனாகத் திரும்பி வரத் திட்டம் போடுகிறாய். இதில் என்னவென்றால் வில்லன் ஆவதா வேண்டாமா என்று உன்னைக் கேட்பதே இல்லை. அது முடிந்துபோன விஷயம். எப்படிப்பட்ட வில்லன், எதற்காக, பழைய கூட்டாளி எதிரே வந்து சிரிக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய், இதுதான் உன் கையில்.

எனக்கு உறைத்தது கொள்ளை, சண்டை எல்லாம் இல்லை. சாதாரணமாக ஒருத்தரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மனசை எட்டிப் பார்க்கலாமா என்று வரும் பாருங்கள், அதுதான். யாரும் அடிபடவில்லை, ரத்தம் இல்லை, அவருக்குத் தெரியவும் போவதில்லை. காவல்காரரிடம் வெடுக்கென்று பேசமாட்டேன் என்று மேலே சொன்ன நான் அந்த ஆப்ஷனைக் கூசாமல் தொட்டேன். தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று ஒரு சாக்கு வேறு.

பீலிக்கான், உன் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். குழந்தையை விட்டுவிட்டு ஓடு என்று கேட்டால் நான் மாட்டேன். சும்மா எட்டிப் பார் என்று கேட்டால் பார்த்துவிடுவேன்.


டீக்கடை_மூலை

மல்லி பிடித்தது சரியான இடம். டெலிபதி, மறைந்துபோகிற சக்தி, இந்த இரண்டும் கோணல் புத்திக்கென்றே செய்தவை. பறக்கிறவனுக்கும் பாறை தூக்குகிறவனுக்கும் சபலம் கம்மி, என்ன செய்தாலும் நாலு பேர் பார்ப்பார்கள்.

பாண்டி கேட்டதற்கு வருகிறேன். இந்த ஊரில் கோணல் புத்திக்காரர்களைக் கும்பிடவே செய்கிறார்கள். முப்பத்தேழு நாட் தெய்வங்களோடு சேர்த்து வணங்குகிற கோ ஜீ ஜோவுக்குக் குடி, சூது, சேவல் சண்டை எல்லாம் உண்டு, படையலிலும் பாட்டில்தான் முதலில் வரும். நம் மதுரை வீரன் மட்டும் என்ன? பொம்மியைத் தூக்கிக்கொண்டு போனவர், அப்புறம் வெள்ளையம்மாள் விவகாரம், மாறுகால் மாறுகை வாங்கினார்கள், இன்றைக்குக் காவல் தெய்வம். அவரை யோக்கியராக்கித்தான் கும்பிட வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. அந்த ஆள் அப்படித்தான், ஆனால் கூப்பிட்டால் வருவார் என்று நம்புகிறோம்.

நாட் கதைகளில் சூப்பர்ஹீரோ கதைக்கு அச்சாக ஒன்று இருக்கிறது, மகாகிரி கதை. பர்மாக்காரர் வீட்டில் துணி கட்டித் தேங்காய் தொங்குமே, அது அவருக்குத்தான். தகாங் ஊரில் ஒரு கொல்லன். அசுர பலம், சம்மட்டியைப் போட்டால் ஊரே அதிரும். தன்னைவிட பலசாலி ஒருத்தன் ஊரில் இருக்கிறானே என்று ராஜாவுக்குப் பயம். கொல்லனின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு, 'உன் அண்ணனுக்குப் பதவி தருகிறேன், வரச்சொல்' என்கிறார். அவள் கூப்பிட்டாள் என்று அவன் நம்பி வருகிறான். செண்பக மரத்தில் கட்டிவைத்து எரித்துவிடுகிறார்கள். தங்கையும் அதே நெருப்பில் பாய்ந்துவிடுகிறாள். இரண்டு பேரும் நாட் ஆகி இப்போது பொப்பா மலையில் இருக்கிறார்கள்.

இதை விளையாட்டாக எழுதினால் யாராக ஆடுவீர்கள்?


பெகு_பாண்டி

கொல்லனாக ஆடினால் என்ன செய்வது, போய் எரிந்து சாவதா? ராஜாவாக நான் ஆடமாட்டேன், காரணம் மேலே சொல்லிவிட்டேன். தங்கையாக ஆடலாம். ஆனால் அவள் மேல் என்ன தப்பு இருக்கிறது? அவளுக்கு ஒன்றும் தெரியாது.


மோல்மேன்_மல்லி

தெரியாது என்று யார் சொன்னது? ராஜாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவர் அண்ணன் பேரைச் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்காமலா இருந்திருப்பாள்? கொஞ்சம் தெரிந்திருக்கும். ராணியாக இருப்பது பிடித்திருந்தால் அந்தக் கொஞ்சத்தையும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டிருப்பாள்.


கிளைக்கதை

மல்லி அக்கா, இதையே பிடித்துக்கொள்வோம்.

தங்கையாக ஆடுகிறோம். அண்ணனைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஆப்ஷன் வைத்தால் எல்லாரும் வேண்டாம் என்பார்கள், மாஸ் எஃபெக்ட் கணக்குதான், கதையும் அங்கேயே முடிந்தது. அதனால் அந்த ஆப்ஷனை வைக்கவே கூடாது. அவள் ஆள் அனுப்பிவிட்டாள். அது நடந்தாகிவிட்டது. ஆடுகிறவனிடம் கேட்க வேண்டியது அனுப்பும்போது உனக்கு என்ன தெரியும், எதற்காக அனுப்பினாய் என்பதை மட்டும்தான். அண்ணனுக்குப் பதவி கிடைக்கும் என்று நிஜமாக நம்பினாயா, புருஷன் கேட்டு மாட்டேன் என்று சொல்லப் பயமா, கொல்லன் தங்கை என்று அரண்மனையில் ஏளனமாகப் பார்க்கிறார்களே, அண்ணனும் பதவிக்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும் என்றா?

செய்கையை மாற்ற விடாமல் காரணத்தை மட்டும் தேர்ந்தெடுக்க விட்டால் இரண்டு லாபம். கதை நாலாகப் பிரிந்து ஓடாது, எல்லாருக்கும் ஒரே மரம், ஒரே நெருப்பு, எழுதுகிறவன் செத்துப்போக வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட செலவுக்கும் இது பதில். இன்னொன்று, யோக்கியமான வழி என்று ஒன்று இல்லாததால் ஆடுகிறவன் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது.

டெல்டேல் நிறுவனத்தின் பேட்மேன் கதை விளையாட்டில் இரண்டாம் பாகம் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் போனது. ஜான் டோ என்கிற ஆள் கடைசியில் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக் குற்றவாளிகளைப் பிடிக்கிறவனாக மாறுவதும் வில்லனாக மாறுவதும் நீ அவனை எப்படி நடத்தினாய் என்பதைப் பொறுத்தது. நீ கேவலமாக ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை, நண்பன் நண்பன் என்று சொல்லிக்கொண்டு அவனைப் பயன்படுத்தியிருந்தாலே போதும். ஆனால் அத்தியாயம் முடிந்ததும் எத்தனை சதவீதம் பேர் உன்னைப் போலத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பட்டியல் போட்டுக் காட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் எனக்கு விட்டுப்போகும், ஊர் என்ன செய்தது என்று தெரிந்துவிட்டால் எனக்கு அப்புறம் என்ன குற்ற உணர்ச்சி?


பெகு_பாண்டி

தம்பி, நீ சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு ஓட்டை. என்ன செய்தாலும் அண்ணன் சாவான் என்றால் ஆடுகிறவன் 'நான் என்ன செய்ய, கதை அப்படி எழுதியிருக்கிறது' என்பான். நான் சொன்ன ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஆட்களும் அதைத்தானே சொல்கிறார்கள், மேலிடத்து உத்தரவு என்று. நீ அவர்களுக்கு ஒரு சாக்கைத் தயார் செய்து கையில் கொடுக்கிறாய்.


கிளைக்கதை

கொடுக்கிறேன்தான். கொடுத்துவிட்டு அதை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்கிறேன். 'எனக்கு வேறு வழி இருக்கவில்லை' என்பதையும் ஒரு ஆப்ஷனாக வைத்துவிட்டால் அது கதை எழுதியவன் தலையில் விழாது, ஆடுகிறவன் விரலில்தான் விழும்.

வழியே தெரியாமல் செய்துவிடக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வேறு ஒரு உபாயம் இருக்கிறது. 2013இல் வந்த டிப்ரெஷன் குவெஸ்ட், சூப்பர்ஹீரோ கதை கிடையாது, மன அழுத்தத்தில் இருக்கிறவரைப் பற்றியது. அதில் சரியான வழி திரையில் தெரியும், ஆனால் மேலே கோடு போட்டு அடித்திருக்கும், தொட முடியாது. மனசு மோசமாக மோசமாக அடித்த வரிகள் கூடிக்கொண்டே போகும். சாய்ஸ்கிரிப்டிலும் ஒரு ஆப்ஷனைச் சாம்பல் நிறத்தில் காட்டிவிட்டுத் தொட முடியாமல் செய்யலாம், ஒரே வரி வேலை. பீலிக்கானின் பொறாமைக்காரனுக்குக் கூட்டாளி ஒரு பெண் என்று வைத்துக்கொண்டால், 'அவளைப் பாராட்டு' என்பது கண்முன்னே சாம்பலாகக் கிடக்கட்டும். நல்ல வழி இருக்கிறது, தெரிகிறது, அவனால்தான் முடியவில்லை.


பீலிக்கான்_காற்று

'அவளைப் பாராட்டு' சாம்பலாகக் கிடப்பது! இதைத்தான் நான் முதல் பதிவிலேயே சொல்ல நினைத்தது, வார்த்தை வரவில்லை. எப்போதாவது அது கறுப்பாக மாறித் தொட முடிகிற மாதிரி வைப்பீர்களா, இல்லை கடைசி வரை சாம்பல்தானா?


டீக்கடை_மூலை

மாறக் கூடாது என்பேன். கூர்மண்டையர் கடைசி வரை யாரையும் பாராட்டினதாக எனக்கு ஞாபகம் இல்லை.


மோல்மேன்_மல்லி

மாறலாம், ஆனால் அவள் காது கேட்காத தூரத்தில் இருக்கும்போது மாறட்டும்.


கிளைக்கதை

பேசிக்கொண்டே இருந்தால் ஆகாது என்று ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன். மகாகிரியைத் தொடவில்லை, அது பெரிய கை வேலை. நம் டவுன்டவுன் தெரு, நம் கரண்ட். பையனுக்கு மின்சாரத்தை இழுத்து வேறு பக்கம் அனுப்புகிற சக்தி, இரும்புக்கை மாயாவிக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

'கரண்ட் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. தெருக் கம்பத்தில் கை வைக்கிறாய். கம்பிக்குள் மிச்சம் கொஞ்சம் ஊர்கிறது, ஒரு வீட்டுக்குத்தான் காணும். கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறாய். நான்காவது மாடியில் உங்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சமாகிறது. தெரு முனைக் கிளினிக்கில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்கிற அந்தச் சத்தம். உள்ளே தடுப்பூசி வைத்த பிரிட்ஜ் இருப்பது உனக்குத் தெரியும். ஏன் வீட்டுக்கு அனுப்பினாய்?

அம்மாவுக்கு வேர்க்குமே என்று.

கிளினிக்கில் ஜெனரேட்டர் இருக்கும் என்று நினைத்தேன்.

எதிர் மாடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

நான் எங்கே அனுப்பினேன், அதுவாகப் போனது.'


பெகு_பாண்டி

முதல் வரியை எடு. அம்மாவை உள்ளே கொண்டுவந்தால் எல்லாரும் அதைத்தான் தொடுவார்கள், தொட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். உன் 92 சதவீதமும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே யோக்கியமானது, ஏனென்றால் அவன் உண்மையைச் சொல்கிறான். நான்காவதைத் தொடுகிறவனோடு நான் டீ குடிக்கமாட்டேன்.


மோல்மேன்_மல்லி

எடுக்காதே. அம்மா வரி இருக்கட்டும், ஆனால் அடுத்த பக்கத்தில் அம்மா வீட்டில் இல்லை என்று தெரியட்டும். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள், அது அவனுக்கும் தெரியும்.


டீக்கடை_மூலை

அடேயப்பா! மல்லியா பேசுவது? காவல்காரரிடம் வெடுக்கென்று பேசாத மல்லியா?


கிளைக்கதை

மல்லி அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் அடுத்த காட்சியில் கிளினிக் நர்ஸ் அவனிடம் வந்து ஐஸ் வாங்கிவரச் சொல்கிறாள், பிரிட்ஜ் போய்விட்டது என்று. அவன் ஓடி ஓடி வாங்கி வருகிறான். அவள் நன்றி சொல்கிறாள். எந்தக் காரணத்தைத் தொட்டிருந்தாலும் இது ஒரு எழுத்துகூட மாறாது, ஊரில் பேர் 20 சதவீதம் ஏறும். மாறுவது அந்த நன்றி அவன் காதில் எப்படி விழுகிறது என்கிற ஒரு பத்தி மட்டும். குணத்துக்குப் புள்ளி எங்கேயும் கிடையாது.


பீலிக்கான்_காற்று

எல்லாம் சரி, என் பொறாமையைக் காணோமே? அதே தெருவில் இன்னொருத்திக்கும் அதே சக்தி இருக்க வேண்டும். இவன் ஒரு வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தால் அவள் ஒரு தெருவுக்கே கொடுக்க வேண்டும். இவன் ஐஸ் தூக்கிக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓடிவரும்போது கிளினிக் பிரிட்ஜ் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நர்ஸ் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள், இவன் கையில் ஐஸ் கரைகிறது. அங்கே வையுங்கள் அந்தச் சாம்பல் ஆப்ஷனை.


மோல்மேன்_மல்லி

அந்தப் பெண்ணாக ஆட வழி வைத்தால் முதல் ஆளாக நான் வருகிறேன்.


கிளைக்கதை

வைக்கிறேன் அக்கா. ஆனால் அவள் அவ்வளவு கரண்டையும் எந்தத் தெருவிலிருந்து இழுத்தாள் என்று கேட்பேன்.